இந்தியானாபோலிஸ் பந்தயம் கண்ட கார்ல் பிஷர்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இந்தியானாபோலிஸ் என்னும் நகரின்கண் ஆண்டுதோறும் மே மாத இறுதியில் ஐந்நூறு மைல் மோட்டார்ப் பந்தயம் ஒன்று நிகழ்ந்து வருகின்றது. அதனைத் தோற்றுவித்த நால்வருள் முதல்வர் கார்ல் பிஷர் என்பார். அவர் வரலாற்றை ஈண்டுச் சுருக்கி உரைக்கப் புகுகின்றோம்.

இவர் 1874-ஆம் ஆண்டு இந்தியானா மாகாணத்துக் கிரீன்ஸ்பர்க் என்னும் ஊரிற் பிறந்தார். இளமை தொட்டே கண்பார்வை மிகக் குறைவு. அதனாற் கல்வி செல்லாது பன்னிரண்டாம் வயதிற் பள்ளியை விட்டார். கண்ணாடியால் தீரத்தக்கது அக்குறை என்பது நெடுநாட் கழித்தே தெரிந்தது. நம் மாணவருட் கண்ணாடி அணிவோர் இவ்விடத்துத் தம் நற்பேற்றை எண்ணிக்கொள்வாராக.

முதலிற் சைக்கிள் கடை வைத்தார்; பின்னர் மோட்டார் வண்டிகளை விற்றார். 1904-இல் அசிட்டிலீன் வாயுவைக் கலத்தில் அடைத்து வண்டி விளக்குகட்கு உதவும் தொழிலை நண்பருடன் தொடங்கிப் பெருஞ்செல்வரானார். கண்ணொளி குன்றிய ஒருவர் பிறர்க்கு இரவில் வழி விளங்கச் செய்தது வியப்பன்றோ!

அமெரிக்க வண்டிகளை விரைவாக ஓட்டிச் சோதிக்கத் தக்க களம் இல்லையென்று கருதி, 1909-இல் மூன்று தோழருடன் விளைநிலம் வாங்கி, இரண்டரை மைல் சுற்றுள்ள பாதையை அமைத்தார். பொடிக்கல்லும் தாரும் இட்ட அப்பாதை ஆகஸ்டு மாதத்து முதற் கார்ப் பந்தயங்களிலேயே பெயர்ந்து சிதறிற்று. மூன்று நாளில் ஐவர் மாண்டனர். அவருள் இருவர் வேடிக்கை பார்க்க வந்தோர். பந்தயமே கூடாதென்ற கூக்குரல் எழுந்தது. பிஷரும் தோழரும் முப்பத்திரண்டு இலட்சம் செங்கற்களை 63 நாளிற் பாவி முடித்தனர். உள்ளம் நொந்து செய்தனரோ, போட்ட முதலுக்கு அஞ்சிச் செய்தனரோ, யாம் துணிந்து கூறமாட்டோம். இரண்டும் இருந்திருக்கலாம்.

அடுத்த ஆண்டிற் சிறு பந்தயங்கள் பல நடத்தினர். நாளடைவிற் கூட்டம் குறைந்தது. எனவே ஆண்டுக்கு ஒன்றே, அதுவும் ஒரு பகல் முழுவதும் ஓடுவதாக இருத்தல் வேண்டுமெனத் தீர்மானித்தனர். 1911 மே 30-ஆம் நாள் நாற்பது வண்டிகள் புறப்பட்டன. முன்னே வழிகாட்டிச் சென்ற வண்டியைப் பிஷரே ஓட்டினார். ஏனையோர் பின்வருவாரைப் பார்த்துச் சொல்ல ஒரு துணைவரை ஏற்றியிருக்க, ரே ஹாரூன் என்பார் மட்டும் தனியராய், முன்னே ஒரு கண்ணாடியைப் பொருத்திக்கொண்டு ஓட்டினார். இருநூறு சுற்றுக்களை 6 மணி 42 நிமிடத்தில் முடித்து அவரே வென்றார். சாலைப் பந்தயத்தில் வண்டி ஒருமுறை கடந்தால் மீண்டு வர நெடுநேரம் ஆகும். இங்கோ இரண்டு நிமிடத்துக்கொருமுறை கண்முன் வந்து நிற்கும். மக்கள் மயங்கியது இதற்கே. அன்றும் ஒரு துணைவர் உயிரிழந்தார் என்பதை மறைத்தற்கில்லை.

பின்னர்ப் பிஷர் நாட்டின் குறுக்கே லிங்கன் நெடுஞ்சாலை அமைய முயன்றார். புளோரிடாவிற் சதுப்பு நிலத்தைத் தூர்த்து மயாமி பீச் நகரை வளர்த்தார். 1926-இன் பெரும்புயலும் 1929-இன் பங்குச்சந்தை வீழ்ச்சியும் அவர் செல்வத்தை வாரிச் சென்றன. பந்தயக் களமோ 1927-இலேயே கைமாறிற்று. 1939-இல் மயாமி பீச்சில், எளிய நிலையில் இறந்தார்.

அவர் பாவிய செங்கற்களின்மேல் இன்று தார் பரவியுள்ளது. முடிவுக் கோட்டில் மட்டும் ஒரு கஜ அகலம் விட்டுவைத்திருக்கின்றனர்; வென்றோர் மண்டியிட்டு அதனை முத்தமிடுவது இக்கால வழக்கம்.