சக்கர நாற்காலியில் ஒரு மருத்துவர்

எங்கள் திருவரங்குளம் போன்ற சிற்றூர்களில், மரத்திலிருந்து விழுந்தவரோ வண்டியில் அடிபட்டவரோ உயிர் பிழைத்து வந்தால், தெய்வம் காத்தது என்று மகிழ்வோம். பின்னர், கால் வழங்காத அவரைத் திண்ணையில் இருத்திவிட்டு நம் வேலையைப் பார்ப்போம். தலையில் அடிபட்டுப் பேச்சுக் குழறும் சிறுவனைப் பள்ளியிலிருந்தும் நிறுத்திவிடுவோம். உயிரைக் காப்பதோடு மருத்துவம் முடிந்துவிடுகிறதா? இல்லை என்று தம் வாழ்வாலேயே விடை தந்தவர் டாக்டர் மேரி வர்கீஸ் அம்மையார்.

1925இல் கேரளத்தில் பிறந்த அவர், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்று மருத்துவரானார். மகப்பேறு மருத்துவத்தில் சிறக்க வேண்டும் என்பது அவர் கனவு. 1954 சனவரி 30ஆம் நாள் நண்பர்களோடு சென்ற வண்டி விபத்துக்குள்ளாயிற்று. முகம் சிதைந்தது, முதுகெலும்பு முறிந்தது, இடுப்புக்குக் கீழே உணர்வு அற்றுப்போயிற்று.

தொழுநோயாளரின் கைகளைச் சீரமைப்பதில் புகழ்பெற்ற டாக்டர் பால் பிராண்ட் அப்போது வேலூரில் பணியாற்றினார். கையில் செய்யும் அறுவையை உட்கார்ந்தபடியே செய்யலாம் என்று அவர் வழிகாட்டினார். செயலற்ற தசையின் வேலையை நல்ல தசையொன்றுக்கு மாற்றிப் பழக்குவதே அச்சிகிச்சை. சக்கர நாற்காலியில் வந்து தமக்கு அறுவை செய்யும் அம்மையாரைக் கண்ட நோயாளிகள் நம்பிக்கை பெற்றனர்.

ஆயினும் அவர் அத்துடன் நிற்கவில்லை. நியூயார்க்கில் டாக்டர் ஹோவர்டு ரஸ்க்கிடம் மறுவாழ்வு மருத்துவம் கற்றுத் திரும்பினார். 1966இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் உருவாயிற்று. நம் நாட்டில் இத்துறைக்கு அது முன்னோடி. தண்டுவடம் முறிந்தோரும் மூளையில் அடிபட்டோரும் அங்கே பயிற்சி பெறுகின்றனர். 1972இல் அம்மையாருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. 1986இல் அவர் மறைந்தார்.

மூளைக் காயமுற்ற குழந்தைக்கு வெளிப்புண் ஆறிவிடும். ஆனால் கவனக் குறைவும் மறதியும் மேல்வகுப்புக்குச் சென்றபின்பே வெளிப்படுவதுண்டு. சோம்பேறி என்று ஏசுவதால் பயனில்லை. எது குறைந்தது, எது எஞ்சியிருக்கிறது என்று உளவியலார் சோதித்தறிய, பேச்சுப் பயிற்சியாளரும் உடற்பயிற்சி மருத்துவரும் ஆசிரியரும் பெற்றோரும் கைகோத்துப் பழக்க வேண்டும். இழந்ததை எண்ணி அழாமல் எஞ்சியதைக் கொண்டு எழுவதே அம்மையார் காட்டிய நெறி.

மாணவ நண்பர்களே! நம் ஊர்த் திண்ணைகளிலும் சிலர் காத்திருக்கின்றனர். அவர்களுக்கு வேண்டுவது நம் இரக்கமன்று. எழுந்து வாழ ஒரு வழி.