பூனைகளுக்கு நிறப்பட்டியல் எழுதிய ஹரிசன் வெயார்

1995 ஐப்பசியில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டபோது எங்கள் சாம்பல் பூனை மதிலில் இருந்தது. சைக்கிளில் ஏற்றவேண்டிய சாமான்களை அம்மா சொல்லச் சொல்ல நான் கொப்பியில் எழுதினேன். அந்தப் பட்டியலில் பூனை இல்லை. ஊர் திரும்பியபோது வீட்டில் பூனையைக் காணவில்லை. பூனைகளுக்கென்றே ஒரு பட்டியல் எழுதிய மனிதரைப் பற்றிப் பல வருடங்களின் பின் அறிந்தபோது, அவரை விடாமல் தேடிப் படித்தேன்.

ஹரிசன் வெயார் 1824 மே 5 இல் இங்கிலாந்தின் லூயிஸ் நகரில் பிறந்தவர். பதின்மூன்று வயதளவில் வர்ண அச்சுக்குப் பேர்போன ஜோர்ஜ் பக்ஸ்டரிடம் தொழில் பழக விடப்பட்டார். வேலை பிடிக்கவில்லை. வெளியேறி, விலங்குகளையும் பறவைகளையும் வரைந்தே சீவித்தார். 1842 இல் தொடங்கிய இலஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ் பத்திரிகையில் ஆரம்ப காலம் முதலே அவரது படங்கள் வந்தன.

அந்நாளைய இலண்டனில் நாய்க்குக் கண்காட்சி உண்டு. கோழிக்கும் உண்டு. பூனைக்குக் கிடைத்தது எலியும் கல்லெறியும்தான். மற்ற விலங்குகளைப் போல இதையும் நாலுபேர் உற்றுப் பார்த்தால், அதை நடத்தும் விதமும் மாறும் என்று வெயார் நம்பினார். 1871 யூலை 13 இல் கிறிஸ்டல் பலஸில் பூனைக் கண்காட்சியை நடத்தினார். ரயிலில் வழியில் சந்தித்த நண்பர் ஒருவர் கேலி செய்தாராம். அவருக்குள்ளும் பயம்: கூண்டில் அடைத்த பூனைகள் கத்திக் குழறினால்? போய்ப் பார்த்தால் அவை சிவப்பு மெத்தைகளில் படுத்துப் பால் குடித்துக்கொண்டிருந்தன. பரிசு பெற்றவற்றில் அவருடைய பதினாலு வயதுக் கிழவியும் ஒன்று. (நடுவர்களில் அவரும் ஒருவர், அவரது அண்ணன் இன்னொருவர் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.)

போட்டிக்கு விதி வேண்டும். வெயார் ஓவியர் அல்லவா, அவர் கண் முதலில் போனது நிறத்தில். குறுமுடிப் பூனைகளைக் கறுப்பு, வெள்ளை, நீலம், மூன்று நிறம், வரிப்பூனைகளில் கபிலம், வெள்ளி, சிவப்பு என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 100 புள்ளிகள் வரும்படி அளவு எழுதினார். நாங்கள் சாம்பல் என்பதைத்தான் அவர்கள் நீலம் என்கிறார்கள். கறுப்பு நிறம் பரம்பரையில் ஐதாகிப் போனால் வருவது அது. மூன்று நிறத்தில் கடுவன் பிறப்பது மிக அரிது என்பதை வளர்ப்பவர்கள் அப்போதே அறிந்திருந்தார்கள். செம்மஞ்சளுக்குரிய பரம்பரையலகு எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருக்கிறது, இரண்டு எக்ஸ் உள்ள பெட்டைக்குத்தான் கறுப்பும் செம்மஞ்சளும் சேர்ந்து வரும் என்ற விளக்கம் பிந்தித்தான் வந்தது. நீலக்கண் வெள்ளைப் பூனைகள் பல செவிடு என்பதை டார்வின் 1859 இலேயே எழுதியிருந்தார். வெயாரும் அதைக் கவனித்து எழுதினார்.

1887 இல் தேசிய பூனைக் கழகம் உருவானபோது அவரே முதல் தலைவர். 1889 இல் பூனைகள் பற்றிய தன் நூலைச் சொந்தப் படங்களோடு வெளியிட்டார். ஆனால் சில வருடங்களில் கழகத்தை விட்டு விலகிவிட்டார். அங்கத்தவர்களுக்குப் பூனையின் நலத்தைவிடப் பரிசே பெரிதாகிவிட்டது என்பது அவர் குறை. அவர் எழுதிய அளவுகள்தான் அந்தப் பரிசுகளுக்கு வழிவிட்டன. இது அவரை எவ்வளவு வருத்தியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். பிறகு கோழிகளைப் பற்றிப் பெரிய நூல் ஒன்று எழுதினார். 1906 ஜனவரி 3 இல் கென்ட் மாவட்டத்து அப்பிள்டோரில் காலமானார்.

அவர் பார்க்காத இரண்டு போர்கள் பிறகு வந்தன. 1939 செப்ரெம்பரில் குண்டு விழும் என்ற பயத்திலும், விலங்குக்கு உணவு கிடைக்காது என்ற எண்ணத்திலும், பிரித்தானிய மக்கள் இலட்சக்கணக்கான வளர்ப்புப் பிராணிகளைத் தாங்களே கொண்டுபோய்க் கொல்லக் கொடுத்தார்கள். ஒரு குண்டும் விழமுன்னமே நடந்தது இது. போர் முடிந்தபோது வம்சாவளி தெரிந்த பிரித்தானியக் குறுமுடிப் பூனைகள் சொற்பமே மிஞ்சியிருந்தன. பாரசீக நெடுமுடிப் பூனையோடு கலந்துதான் இனத்தை மீட்டார்கள். இன்று பிரித்தானிய நீலம் என்று விலைபோகும் தடித்த முடிப் பூனையில் அந்தக் கலப்பு இருக்கிறது.

எங்கள் பூனையை வெயாரிடம் கொடுத்திருந்தால் நீலத்தில் சேர்த்திருப்பார். நெஞ்சில் ஒரு வெள்ளைப் பொட்டு இருந்தது. அதற்குப் புள்ளி குறைத்துமிருப்பார்.