பழைய ரோலெக்ஸ் வாங்கப் போறீங்களா? பட்டையையும் பாருங்க!

தேக்காவோ பெனின்சுலா பிளாசாவோ, பழைய ரோலெக்ஸ் கைக்கடிகாரம் வாங்கப் போனால் முகப்பை மட்டும் பார்க்காதீங்க. பட்டை மாறியிருந்தால் மதிப்பு குறையும். ஏன்?

ரோலெக்ஸைத் தொடங்கியவர் யார்?

ஹான்ஸ் வில்ஸ்டோர்ஃப். 1881இல் ஜெர்மனியின் குல்ம்பாக்கில் பிறந்தார். 12 வயதில் பெற்றோரை இழந்தார்.

1905இல் லண்டனில் மைத்துனருடன் தொழில் தொடங்கினார். ஆண்கள் சட்டைப்பைக் கடிகாரத்தை நம்பிய காலம் அது. இவர் கைக்கடிகாரத்தை நம்பினார்.

1908இல் ரோலெக்ஸ் பெயரைப் பதிவுசெய்தார். 1926இல் நீர்புகாத ஆய்ஸ்டர் வந்தது.

பட்டை எப்போது முக்கியமானது?

1944இல் மனைவி காலமானார். மறு ஆண்டு அறக்கட்டளை தொடங்கினார். நிறுவனம் இன்றும் அதன் வசம்தான்.

அதே 1945இல் டேட்ஜஸ்ட் வெளிவந்தது. அதற்கென்றே உருவாக்கியதுதான் ஐந்து வரிசைக் கண்ணி கொண்ட ஜூபிலி பட்டை. கடிகாரமும் பட்டையும் ஒரே ஜோடி.

வில்ஸ்டோர்ஃப் 1960இல் மறைந்தார்.

எப்படிச் சரிபார்ப்பது?

- கடிகாரத்தின் வரிசை எண்ணை வைத்து, தயாரான ஆண்டை ஏறக்குறையச் சொல்லலாம்.
- பட்டையின் மாடல் எண் கடைசிக் கண்ணியில் இருக்கும்.
- பல பழைய பட்டைகளில் கொக்கியின் உட்புறம் ஆண்டுக் குறியீடு இருக்கும்.

ஆண்டுகள் ரொம்ப விலகியிருந்தால் அது போலி என்று அர்த்தமில்லை. பழுதுபார்த்தபோது பட்டையை மாற்றியிருக்கலாம். ஆனால் விலையை அதற்கேற்பப் பேசுங்க.