ஒரு குப்பியும் பத்தொன்பது உயிர்களும்

நோய்க்கிருமியை ஆராய்வோர் நாள்தோறும் நெருப்போடு பழகுவோரை ஒப்பர். ஓர் ஆய்வுகூடத்தின் காவல் தளர்ந்தால் ஊரே வருந்தும். இவ்வுண்மையோடு பிணைந்தது வால்டெமார் ஹாவ்கின் என்னும் அறிஞரின் வாழ்வு.

1860ஆம் ஆண்டிற் கருங்கடற் கரையிலுள்ள ஒடெசாவிற் பிறந்த இவர், பாரிசு நகரின் பாஸ்டர் நிறுவனத்தில் அமர்ந்து வாந்திபேதிக்குத் தடுப்பு மருந்து கண்டார். 1892இல் அதனை முதலிலே தம் உடலில் ஏற்றிக்கொண்டார். மறு ஆண்டு இந்தியா வந்தார். 1896இற் பம்பாயிற் பிளேக் நோய் பரவ, அங்குச் சென்று அதற்கும் மருந்து ஆக்கினார். 1897 சனவரி 10இல் அதனையும் தம்மீதே சோதித்தார். பிறர் இடரைத் தாமே முன்னின்று ஏற்ற பெருந்தகை அவர்.

1902 ஒக்டோபர் 30இல், பஞ்சாபின் முல்கோவால் என்னும் சிற்றூரில் 107 பேர்க்கு அம்மருந்து ஊசிவழி ஏற்றப்பட்டது. அவருள் ஒரே குப்பியின் மருந்தைப் பெற்ற பத்தொன்பதின்மர் ஏற்புவலி கண்டு மாண்டனர். விசாரணைக் குழுவோ குப்பி பம்பாய் ஆய்வுகூடத்திலேயே மாசுற்றது என்று முடிவு கட்டியது. காபோலிக் அமிலம் சேர்க்காது வெப்பத்தாலேயே கிருமியகற்றியதும் ஹாவ்கினின் குற்றமாக எண்ணப்பட்டது. அவர் பதவியினின்று நீங்கினார்.

சான்றுகளோ வேறு கூறின. குப்பியைத் திறந்தபோது சாமணம் நிலத்தில் விழுந்தது. முறையாகத் தூய்மை செய்யப்படாமலே மீண்டும் பயன்பட்டது. ஏற்புவலிக் கிருமி குப்பியிற் பல நாள் வளர்ந்திருப்பின் தீநாற்றம் எழுந்திருக்கும். திறந்த வேளையில் அத்தகைய நாற்றம் இல்லை. 1907இல் ரொனால்ட் ரொஸ் முதலிய அறிஞர் அவர் பொருட்டு வெளிப்படையாக வாதாடினர். அவ்வாண்டே அவர் மீண்டும் இந்தியப் பணிக்கு அழைக்கப்பெற்றுக் கல்கத்தா சென்றார். 1925இற் பம்பாய் ஆய்வுகூடம் அவர் பெயரைப் பெற்றது. 1930இல் அவர் சுவிற்சர்லாந்தில் மறைந்தார்.

நம் கொழும்பும் 1914இற் பிளேக்கின் கொடுமையைக் கண்டதாதலின், இவ்வரலாறு நமக்கு அயலதன்று. இதனால் நாம் அறியத்தக்கது யாது? துன்பம் நேர்ந்தபின் ஒருவர்மேற் பழிசுமத்தல் எளிது. பிழை நுழையும் வழியை முன்னரே அடைத்தல் அரிது. அவ்வரிய பணிக்கென்றே இன்று ஆய்வுகூடங்களில் உயிரியற் பாதுகாப்பு அலுவலர் அமர்த்தப்படுகின்றனர். பணியாளரைப் பயிற்றுதல், கருவிகளின் தூய்மையைச் சோதித்தல், குப்பிதோறும் குறிப்பு எழுதுவித்தல், ஐயம் எழுந்தவிடத்து வேலையை நிறுத்தச் செய்தல் என்பன அவர்தம் கடமைகள். அவர் கண்காணிப்பது மனிதரை அன்று; முறையையே. விழுந்த சாமணத்தை எடுத்தவரிடம் ‘நில்’ எனச் சொல்லும் ஒருவர் முல்கோவாலில் இருந்திருப்பின், பத்தொன்பது குடும்பங்கள் கண்ணீர் வடித்திரா என்று எண்ண இடமுண்டு. அறிஞர் ஒருவரின் பெயரும் மாசுற்றிராது.