நகராட்சி வருமானத்தில் 30% சுகாதாரத்துக்கு! சட்டம் கொண்டுவந்த ஸ்ரீரங்கத்து டாக்டர் யார்?

1880-ல் ஸ்ரீரங்கத்தில் பிறந்தவர் டி.எஸ்.எஸ்.ராஜன். லண்டனில் மருத்துவம் படித்தார். லண்டனில் வரகனேரி வ.வே.சு. ஐயரோடு நெருங்கிப் பழகினார். ஊர் திரும்பி, டாக்டராக இருந்துகொண்டே காங்கிரஸில் இறங்கினார். 1930-ல் ராஜாஜியின் வேதாரண்யம் உப்பு யாத்திரை கிளம்பியதே திருச்சியில் இவர் வீட்டிலிருந்துதான்.

1937-ல் ராஜாஜி அமைச்சரவையில் சுகாதார அமைச்சரானார். அப்போதெல்லாம் காலரா, பெரியம்மை என்றாலே ஊர் நடுங்கும். வைகுண்ட ஏகாதசிக்குக் கூட்டம் குவியும் ஸ்ரீரங்கத்தில் கேட்கவே வேண்டாம். அன்று ஸ்ரீரங்கமும் திருச்சியும் தனித்தனி நகராட்சிகள். குடிநீர், சாக்கடை, தடுப்பூசி என எல்லா வேலைக்கும் நகராட்சியிடம் பணம் வேணும். நோய் வந்த பிறகு தேடினால் எங்கிருந்து கிடைக்கும்?

இதற்கு விடை, ராஜன் அமைச்சராக இருந்தபோது வந்த 1939-ம் ஆண்டு சென்னை பொதுச் சுகாதாரச் சட்டத்தில் இருக்கிறது. அரசு மானியம் போக, நகராட்சிக்கு வரும் மற்ற வருமானத்தில் குறைந்தது 30 சதவீதத்தைப் பொதுச் சுகாதாரத்துக்கு ஒதுக்கியே ஆகணும். அதாவது வரி, கட்டணம் என 100 ரூபாய் வந்தால், அதில் 30 ரூபாயில் வேறு செலவுக்குக் கை வைக்க முடியாது. நோய் இல்லாத வருஷத்திலும் இதே கணக்குதான்.

1939 அக்டோபரில் அந்த அமைச்சரவை ராஜினாமா செய்தது. சட்டம் நின்றது. ராஜன் 1953-ல் காலமானார். 2020-ல் கொரோனா காலத்தில் மாஸ்க் போடாதவர்களுக்கு அபராதம் விதிக்க, தமிழ்நாடு அரசு திருத்தியது இதே சட்டத்தைத்தான். அபராதம் பலருக்கு ஞாபகம் இருக்கும். அந்த 30 சதவீதம்தான் அவ்வளவாகப் பேசப்படவில்லை.