‘மோனோபோலி’க்கு வித்திட்ட எலிசபெத் மேகி: 500 டாலருக்குக் கைமாறிய காப்புரிமை

நிலங்களை வாங்கி, வாடகை வசூலித்து, எதிராளிகளைத் திவாலாக்குபவர் வெற்றி பெறும் ‘மோனோபோலி’ பலகை விளையாட்டு உலகப் புகழ் பெற்றது. ஆனால், அதன் மூல வடிவம் நில ஏகபோகத்தின் தீமையை உணர்த்தவே உருவாக்கப்பட்டது.

அதை உருவாக்கிய எலிசபெத் மேகி, அமெரிக்காவின் இல்லினாய் மாகாணத்தில் 1866-ஆம் ஆண்டு பிறந்தவர். சுருக்கெழுத்தாளராகப் பணியாற்றிய அவர், நிலத்தின் மதிப்பு மீது மட்டுமே வரி விதிக்க வேண்டும் என்ற ஹென்றி ஜார்ஜின் பொருளாதாரக் கொள்கையைப் பின்பற்றினார். நில உரிமையாளர்கள் செல்வந்தர்களாவதையும் வாடகைதாரர்கள் வறியவர்களாவதையும் எளிய முறையில் விளக்க, ‘நில உரிமையாளர் விளையாட்டு’ என்ற பெயரில் பலகை விளையாட்டை வடிவமைத்து, 1904-ஆம் ஆண்டு காப்புரிமை பெற்றார்.

நாளடைவில் மக்கள் தாங்களே பலகை வரைந்து, விதிகளை மாற்றி விளையாடத் தொடங்கினர். நண்பர்கள் வாயிலாக அதைக் கற்ற சார்லஸ் டாரோ, தமது கண்டுபிடிப்பு எனக் கூறி, 1935-ஆம் ஆண்டு பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனத்துக்கு விற்றார். விற்பனையில் கிடைத்த பங்குத்தொகை அவரைச் செல்வந்தராக்கியது. மேகியின் காப்புரிமையையோ அந்நிறுவனம் வெறும் 500 டாலருக்கு வாங்கிக்கொண்டது. விற்பனையில் அவருக்குப் பங்கு கிடைக்கவில்லை.

மேகி 1948-ஆம் ஆண்டு காலமானார். 1970-களில் பொருளாதாரப் பேராசிரியர் ரால்ஃப் அன்ஸ்பாக் தொடர்புடைய வணிகப் பெயர் வழக்கின்போதுதான் மேகியின் பங்களிப்பு மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தது.