அலமாரிப் பூட்டைத் திறந்தவர்: சீர்காழி எஸ். ஆர். ரங்கநாதன்



வீட்டு வரி கட்டும் நாம் எல்லோரும் கூடவே நூலக வரியும் கட்டுகிறோம் என்பது உங்களுக்குத் தெரியுமா? திருவள்ளூரில் வீடு இருந்தாலும் கும்மிடிப்பூண்டியில் இருந்தாலும் இது உண்டு. அந்தப் பணம் மாவட்ட நூலக ஆணைக் குழுவுக்குப் போய்ச் சேருகிறது. ஊர் நூலகங்கள் நடப்பதற்கு அதுதான் முக்கியமான ஆதாரம். ஆக, நீங்கள் நூலகத்துக்குள் ஒரு நாள் கூடக் காலெடுத்து வைக்காவிட்டாலும் அதற்குப் பணம் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள்.

இப்படி ஓர் ஏற்பாடு நம் மாநிலத்தில் வருவதற்குப் பெரும் காரணமாக இருந்தவர் எஸ். ஆர். ரங்கநாதன். இந்திய நூலகத் துறையின் தந்தை என்று அவரைச் சொல்வார்கள். அவர் பிறந்தநாளாகக் கொண்டாடப்படும் ஆகஸ்ட் 12, தேசிய நூலகர் நாள். அவருடைய கதையை இந்த இதழில் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். நம் குடியிருப்புக்கும் அதில் ஒரு வேலை இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ரங்கநாதன் 1892-ல் சீர்காழியில் பிறந்தார். பெயரின் முன்னால் நிற்கும் எஸ் என்ற எழுத்து அந்த ஊரைக் குறிப்பது. ஆறு வயதில் தந்தை இறந்துவிட்டார். சிறு வயதில் பேச்சில் திக்குவாய் இருந்தது. சீர்காழியில் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு, சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் சேர்ந்து 1913-ல் பி.ஏ., 1916-ல் கணிதத்தில் எம்.ஏ. முடித்தார். பிறகு ஆசிரியர் பயிற்சி. 1917-லிருந்து மங்களூர், கோயம்புத்தூர், சென்னை மாநிலக் கல்லூரி என்று கணக்குப் பாடம் நடத்தினார். திக்கிப் பேசிய பையன் பெயர் சொல்லும் ஆசிரியராக ஆனார் என்பதே ஒரு பெரிய சாதனை. ஆனால் அவருடைய வாழ்க்கை இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

அப்போது சென்னைப் பல்கலைக்கழகம் முதன்முறையாக முழுநேர நூலகர் ஒருவரைத் தேடியது. கல்லூரி ஆசிரியர் சம்பளத்தை விட இதில் சம்பளம் கூடுதல். சுமார் 900 பேர் விண்ணப்பித்தார்கள். நூலகப் பயிற்சி பெற்றவர் அதில் ஒருவரும் இல்லை. ரங்கநாதனுக்கும் அதைப் பற்றி எதுவும் தெரியாது. நேர்முகத் தேர்வுக்குச் சில நாள் முன்னால் பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தில் நூலகம் பற்றிய கட்டுரையைப் படித்ததுதான் அவருடைய தயாரிப்பு. ஆனாலும் கணித ஆராய்ச்சிக் கட்டுரைகள் எழுதியவர் என்பதால் வேலை கிடைத்தது. 1924 ஜனவரியில் பதவி ஏற்றார்.

ஏற்ற சில நாட்களிலேயே வெறுத்துப் போனார். வகுப்பு நிறைய மாணவர்களோடு இருந்தவருக்கு ஆளரவமில்லாத நூலகம் சிறை மாதிரி இருந்தது. பழைய வேலைக்கே திரும்பி விடுகிறேன் என்று கேட்டார். பல்கலைக்கழகம் ஒரு யோசனை சொன்னது: லண்டனுக்குப் போய் நூலகப் படிப்பைப் படித்துவிட்டு வாருங்கள், அப்போதும் பிடிக்கவில்லை என்றால் ஆசிரியர் வேலைக்கே போய்விடலாம். என்னைப் போல் ஓர் அலுவலகத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டியவர்களுக்குத் தெரியும், இந்த மாதிரி மேலதிகாரிகள் கிடைப்பது அபூர்வம்.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் சேர்ந்தார். அங்கே அவர் வாங்கிய மதிப்பெண் சாதாரணம்தான். ஆனால் வெளியே கற்றது அதிகம். பிரிட்டனில் நூற்றுக்கும் மேற்பட்ட நூலகங்களைப் போய்ப் பார்த்தார். ஆலைத் தொழிலாளியும் குழந்தையும் வயதானவரும் ஒரே நூலகத்தில் உட்கார்ந்து தங்களுக்கு வேண்டியதைப் படிப்பதைக் கண்டார். அவருக்கு மனம் மாறிய இடம் அதுதான். நூலகம் என்பது புத்தகங்களைப் பத்திரப்படுத்தும் கிடங்கு அல்ல, ஓர் ஊரை முன்னேற்றும் கருவி என்று புரிந்துகொண்டார்.

லண்டனில் ஒரு பெரிய கடையில் மெக்கானோ என்ற பொம்மையைப் பார்த்தார். துளைகள் உள்ள சிறு தகடுகளும் திருகாணிகளும் இருக்கும். அதே துண்டுகளை வேறு வேறு விதமாகப் பூட்டினால் வண்டி, பாலம், கிரேன் எல்லாம் செய்யலாம். புத்தகப் பொருளையும் இப்படித் துண்டு துண்டாகப் பிரித்துப் பூட்டலாமே என்று அவருக்குத் தோன்றியது. 1925-ல் ஊர் திரும்பும் கப்பலிலேயே அந்த வேலையைத் தொடங்கிவிட்டார். 1933-ல் கோலன் வகைப்பாடு என்ற பெயரில் அது புத்தகமாக வந்தது.

அதை எளிமையாகச் சொல்லப் பார்க்கிறேன். வங்கிக் கணக்கு எண்ணில் கிளைக்கு ஒரு பகுதி, கணக்கின் வகைக்கு ஒரு பகுதி, வாடிக்கையாளருக்கு ஒரு பகுதி என்று இருக்கும் அல்லவா? எண்ணைப் பார்த்ததுமே கிளார்க்குக்குப் பாதி விஷயம் தெரிந்துவிடும். அதே போலத்தான். 1950-ல் இந்தியாவில் நுரையீரல் காசநோய்க்கு எக்ஸ்ரே சிகிச்சை என்று ஒரு புத்தகம் இருந்தால், நுரையீரல், காசநோய், சிகிச்சை, எக்ஸ்ரே, இந்தியா, 1950 என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி. குறிகளைச் சேர்த்தால் அந்தப் புத்தகத்தின் இடம் கிடைத்துவிடும். இன்று நீங்கள் செல்போனில் சட்டை வாங்கும்போது அளவு, நிறம், விலை, கம்பெனி என்று தனித்தனியாகத் தேர்வு செய்து வடிகட்டுகிறீர்கள். அந்தச் சிந்தனையை நூலகத்தில் முறைப்படி வகுத்துக் கொடுத்தவர் நம் சீர்காழிக்காரர். உலகின் பல பொது நூலகங்கள் இன்றும் அமெரிக்கரான டூயியின் முறையைத்தான் பின்பற்றுகின்றன. ஆனாலும் வகைப்பாட்டைப் படிக்கும் மாணவர் எந்த நாட்டில் இருந்தாலும் ரங்கநாதனைப் படிக்காமல் தாண்ட முடியாது.

சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தில் அவர் செய்த பெரிய மாற்றம், வாசகரை அலமாரி வரைக்கும் நடக்க விட்டது. அதற்கு முன் வழக்கம் என்ன? சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும், ஊழியர் உள்ளே போய்ப் புத்தகம் கொண்டு வருவார். பெயர் தெரிந்த புத்தகத்தைத்தான் இப்படிக் கேட்க முடியும். பெயரே தெரியாத புத்தகத்தை எப்படிக் கேட்பது? திறந்து விட்டால் புத்தகம் காணாமல் போகும் என்ற பயம் அப்போதும் இருந்தது. ஒன்றிரண்டு போனாலும், ஆயிரம் பேர் படிப்பதால் வரும் லாபத்தோடு ஒப்பிட்டால் அது சிறிய நஷ்டம் என்பது அவர் கணக்கு. வணிகவியல் படித்த எனக்கு அந்தக் கணக்கு சரியாகவே படுகிறது.

1928 அவருக்குக் கடினமான ஆண்டு. முதல் மனைவி ருக்மிணியை விபத்தில் இழந்தார். அதே ஆண்டில்தான் சென்னை நூலகச் சங்கம் பிறந்தது. அதன் பின்னணியில் உழைத்தவர் அவர். அந்த டிசம்பரில் சிதம்பரத்தில் ஆசிரியர்கள் முன்னால் ஐந்து விதிகளை விளக்கிப் பேசினார். 1931-ல் அது புத்தகமாக வந்தது. இதற்கிடையே 1929-ல் சாரதாவை மணந்தார். கல்யாணத்தன்று கூட நூலக வேலைக்குப் போய்விட்டார் என்று சொல்வார்கள்.

அந்த ஐந்து விதிகளை என் வார்த்தையில் சொல்கிறேன். புத்தகம் இருப்பது படிப்பதற்காக, பூட்டி வைப்பதற்காக அல்ல. யாராக இருந்தாலும் அவருக்கென்று ஒரு புத்தகம் உண்டு. எந்தப் புத்தகமாக இருந்தாலும் அதற்கென்று ஒரு வாசகர் உண்டு. வாசகரின் நேரத்தை வீணாக்கக் கூடாது. நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் ஓர் உயிர்.

மூன்றாவது விதியைக் கொஞ்சம் கவனியுங்கள். தென்னை வளர்ப்பு பற்றி ஒரு புத்தகம் தேடி நீங்கள் அலமாரிக்குப் போகிறீர்கள். அவர் முறைப்படி அடுக்கியிருந்தால், தேடி வந்தது நடுவில் இருக்கும். அதை ஒட்டி மற்றப் பயிர்கள், மண், உரம். ஒரு பக்கம் இன்னும் நகர்ந்தால் தாவரவியல், மறுபக்கம் போனால் விலங்குகள், கால்நடை, அதையும் தாண்டினால் மருத்துவம். தேடியதிலிருந்து மெல்ல மெல்ல விலகிப் போகும் இந்த வரிசையை அவர் வேண்டுமென்றே அமைத்தார். தென்னைக்குப் போனவர் தேனீயைப் பற்றிய புத்தகத்தோடு வீட்டுக்கு வரலாம். பல துறைப் புத்தகங்கள் நம் கைக்கு வருவது இப்படித்தான். செல்போன் நமக்கு ஏற்கெனவே பிடித்ததையே திரும்பத் திரும்பக் காட்டுகிறது. திறந்த அலமாரியோ நமக்குப் பிடிக்கும் என்று நமக்கே தெரியாததையும் காட்டுகிறது.

அவர் கவலை நகரத்தோடு நிற்கவில்லை. மன்னார்குடிப் பக்கத்துக் கிராமங்களுக்கு 1931-ல் மாட்டுவண்டியில் புத்தகம் போனது. கனகசபைப் பிள்ளை என்ற பொறியாளர் வடிவமைத்த வண்டி அது. நூலகத்துக்கு நிலையான வருமானம் வேண்டும் என்பதற்காக ரங்கநாதன் 1930-லேயே ஒரு மாதிரிச் சட்டம் எழுதி, காசியில் நடந்த கல்வி மாநாட்டில் வைத்தார். அது நிறைவேற 18 ஆண்டுகள் ஆயின. அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது, 1948-ல் சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அதுதான். சொத்து வரியில் ரூபாய்க்கு அரை அணா நூலகத்துக்கு என்று ஆயிற்று. இன்று நாம் கட்டுவது அதன் தொடர்ச்சி.

சுமார் 20 ஆண்டு உழைத்த சென்னைப் பல்கலைக்கழகத்தை விட்டு மனக்கசப்போடுதான் வெளியேறினார். ஆனால் ஓயவில்லை. காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் ஒரு லட்சம் புத்தகங்களைப் பெரும்பாலும் தனி ஆளாக வகைப்படுத்தினார். பிறகு டெல்லிப் பல்கலைக்கழகம், ஜூரிச், பெங்களூர். 1957-ல் பத்மஸ்ரீ. 1962-ல் பெங்களூரில் ஆவண ஆராய்ச்சிப் பயிற்சி மையத்தைத் தொடங்கியபோது அவருக்குக் கிட்டத்தட்ட 70 வயது. கசப்போடு விட்டு வந்த அதே சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு, மனைவி சாரதாவின் பெயரில் நூலகத் துறைப் பேராசிரியர் பதவி அமைக்க ஒரு லட்சம் ரூபாய் கொடுத்தார். 1950-களில் ஒரு லட்சம் என்றால் எவ்வளவு என்று நம் வயதுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1972 செப்டம்பர் 27 அன்று பெங்களூரில் காலமானார்.

இனி நம் விஷயம். நம் கிளப் ஹவுஸில் ஒரு கண்ணாடி அலமாரி இருக்கிறது. காலி செய்து போனவர்களும் இருப்பவர்களும் கொடுத்த புத்தகங்கள் அதில் அடுக்கியிருக்கின்றன. ஆனால் பூட்டியிருக்கிறது. சாவி ஆபீஸில், ஆபீஸ் திறக்கும் நேரத்தில் வேலைக்குப் போகிறவர்கள் இங்கே இருப்பதில்லை. சிப்காட்டில் ஷிப்ட் பார்ப்பவர்களுக்கும், விடியற்காலை மின்சார ரயில் பிடிப்பவர்களுக்கும் அந்த அலமாரி வெறும் காட்சிப் பொருள்தான். முதல் விதியிலேயே நாம் தோற்றுவிடுகிறோம்.

அடுத்த பொதுக்குழுவில் மூன்று யோசனைகளை வைக்கப் போகிறேன். ஒன்று, பூட்டை எடுத்துவிட்டு ஒரு நோட்டுப் புத்தகம் வைப்போம். எடுப்பவர் பெயரும் தேதியும் எழுதினால் போதும். இரண்டு, தமிழ், ஆங்கிலத்தோடு தெலுங்கு, இந்தி, ஒடியா புத்தகங்களும் கொஞ்சம் சேர்ப்போம். ஆந்திர எல்லை பக்கத்தில்தான். நம் தளங்களிலும் சுற்றிலும் உள்ள தொழிற்சாலைகளிலும் அந்த மொழி பேசும் குடும்பங்கள் இருக்கின்றன. நம் காவலாளிக்கும் வீட்டு வேலை செய்யும் பெண்களுக்கும் கூட ஒரு புத்தகம் உண்டு என்பதுதான் இரண்டாவது விதி. மூன்று, சமையல், கணக்கு, கதை, பக்தி, விளையாட்டு என்று கலந்து கிடப்பதைத் துறைவாரியாக அடுக்குவோம். அதற்கு ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் கொடுக்க நான் தயார். கூட இரண்டு பேர் வந்தால் நல்லது.

அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். திருவள்ளூரில் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது, கும்மிடிப்பூண்டியிலும் கிளை நூலகம் இருக்கிறது. சிறு காப்புத் தொகையும் சந்தாவும் கட்டினால் உறுப்பினர் ஆகிவிடலாம். பேரன் பேத்திகளையும் அழைத்துப் போங்கள். போகும்போது ஒரு காரியம் செய்யுங்கள். உங்களுக்கு வேண்டிய புத்தகம் ஒன்றும், இதுவரை நீங்கள் எட்டியே பார்க்காத அலமாரியிலிருந்து இன்னொன்றும் எடுத்து வாருங்கள். இரண்டாவது புத்தகம் எப்படி இருந்தது என்று அடுத்த இதழுக்கு நாலு வரி எழுதி அனுப்பினால் எல்லோரும் படிப்போம்.